எட்டாம் இடத்து அணி

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு படம் போட்டிருந்தாள். அவள் மகன் கார்த்திக்கின் கல்யாணப் படம். கல்யாணமாகி அன்றோடு இரண்டு வருடம். மணமேடையைச் சுற்றி எங்கள் சொந்தம் முழுக்க நிற்கிறது. பெங்களூர்ச் சித்தப்பா, துபாயிலிருந்து லீவு போட்டு வந்த அத்தான், நடக்க முடியாத பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். படத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்: "எல்லாரும் இருக்காங்க. தாய்மாமன் மட்டும் இல்ல."

அந்தத் தாய்மாமன் நான்தான்.

கட்டட சைட்டில் அரசாங்க ஆய்வு, லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று அப்போது அக்காவிடம் சொல்லியிருந்தேன். எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் மாமன் மாலை போட்டான். அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் அந்த ஆய்வை இன்றுவரை நம்புகிறாள்.

ஆய்வு எதுவும் இல்லை. அந்த ஆவணி மாதத்தில் என் பாஸ்போர்ட் என் கையில் இல்லை. சிங்கப்பூர் போலீஸிடம் இருந்தது.

இதைப் படித்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் ராஜபாளையம். மற்ற ஊர்களில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு அலைந்தால் எங்கள் ஊரில் கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டு அலைவார்கள். நானும் ஒரு கிளப்பில் இருந்தேன். இருந்தேன் என்றால், பெஞ்சில் இருந்தேன். பதினெட்டு வயதில் ஒரே ஒரு முறை, ஒரு போட்டியின் அரையிறுதியில், எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஃபவுல் வாங்கி வெளியேறியதால் கடைசி இரண்டு நிமிடம் என்னை இறக்கினார்கள். எதிரே ராணுவ அணி. ஒவ்வொருவனும் ஆறடிக்கு மேல். ஏழு புள்ளி பின்தங்கியிருந்த நாங்கள் ஒரு புள்ளியில் ஜெயித்தோம். நான் ஒரு பந்தைக்கூடக் கூடையில் போடவில்லை. ஒருவன் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான். ஆனாலும் அன்று கேலரி எழுந்து நின்று போட்ட சத்தம் பல வருடம் என் காதை விட்டுப் போகவில்லை. தோற்கப் போகிறவன் ஜெயிப்பான் என்பது எனக்கு யாரோ சொன்ன புத்திமதி அல்ல. கண்ணால் கண்டது. பின்னாளில் அதுவே வினையாக வந்தது.

சிங்கப்பூர் வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. ஒரு கட்டட நிறுவனத்தில் ட்ராஃப்ட்ஸ்மேன் வேலை. பொறியாளர்கள் கிறுக்கித் தருவதைக் கணினியில் வரைபடமாக்குவேன். மனைவி கலைச்செல்வி செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள் தாரிணி, இங்கேயே பிறந்தவள். மூன்று பேரும் பி.ஆர்., அதாவது நிரந்தரவாசிகள். சில வருடங்களுக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டிய நிரந்தரம்.

தாரிணிக்குப் பதிமூன்று, பதினான்கு வயது ஆனபோது எங்களுக்குள் பேச்சு தேய்ந்துபோனது. "சாப்டியா?" "சாப்டேன்." "ஸ்கூல் எப்படி?" "ஓகே லா." அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை மட்டும் கூப்பிடுவாள். "அப்பா பேசுற இங்கிலீஷ் சைட் இங்கிலீஷ் மாதிரி இருக்கு" என்று அவள் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

பள்ளியில் அவள் கூடைப்பந்து அணியில் சேர்ந்த பிறகு ஒருநாள் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள மைதானத்தில் பந்து எறிந்துகொண்டிருந்தாள். பால் பாக்கெட் வாங்கப் போன நான் நின்று, "முழங்கைய உள்ள வையி. வெளிய போகுது பாரு" என்றேன். வைத்தாள். விழுந்தது. திரும்பிப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு பாஸ்கெட்பால் தெரியுமா?" என்றாள். என் மகள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு பாஷை கிடைத்தது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்கள் அவர்களுக்கு ராத்திரி, நமக்குக் காலை. அவள் பள்ளியில் இருப்பாள், நான் வேலையில். சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து இருவரும் பதிவைப் பார்ப்போம். தாரிணி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு எழுதுவாள்: யாருக்குக் கால் வலி, எவன் களைத்துவிட்டான், எந்தப் பயிற்சியாளர் பயந்து ஆட்களை மாற்றுகிறார். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். "எனக்கும் காட்டும்மா" என்பேன். காட்டுவாள்.

கார்த்திக்கின் கல்யாணம் நடந்த அந்த வருடம் பிப்ரவரியில் என் வேலை மதிப்பீடு வந்தது. எனக்குப் பதினைந்து வயது இளையவரான மேலாளர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். புது மென்பொருளில் வேகம் போதவில்லை, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரலில் அந்த அமெரிக்கப் போட்டியின் இறுதிச் சுற்றுகள், பிளேஆஃப் ஆட்டங்கள், தொடங்கின. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகள் மோதும்; முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். முதல் இடத்து அணிக்கு எதிரே எட்டாம் இடத்து அணி. வருடம் முழுக்கச் சொதப்பி, கடைசி வாரத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தவர்கள். "இவங்களா?" என்று சிரித்தேன். தாரிணி சிரிக்கவில்லை.

"இல்லப்பா. மோசமான டீம் வேற, அண்டர்பெர்ஃபார்ம் பண்ற டீம் வேற. இவங்களுக்கு வருஷம் பூரா இஞ்சுரி. இப்போ எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க. யாருமே இவங்கள சரியா பாக்கல."

யாருமே சரியாகப் பார்க்கவில்லை. அன்று அந்த வார்த்தை எனக்கு எப்படி இனித்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

3

சுந்தர் சிவகாசிக்காரன். பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போகும்போது சிராங்கூன் சாலையில் ஒரு டீக்கடையில் சந்திப்போம். பக்கத்து ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக வெளிநாட்டில் நாம் ஒருவனை எவ்வளவு நம்பிவிடுகிறோம்!

மகள் சொன்னதை என் சொந்தக் கருத்துபோல அவனிடம் அளந்தேன். அவன் டீயை வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"அண்ணே, இவ்ளோ தெரிஞ்சு வச்சுக்கிட்டு சும்மா பாக்குறீங்களா? எட்டாவது எடத்து டீம் ஜெயிச்சா எத்தன மடங்கு தெரியுமா?"

"அதெல்லாம் இங்க சட்டவிரோதம்பா."

"ஆன்லைன்ணே. ஒரு லாகின், ஒரு பாஸ்வேர்டு. யாரு பாக்கப் போறா?"

அது அனுமதி பெற்ற பந்தயத் தளம் அல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அன்று சாயங்காலம் அந்த லாகினை வாங்கிக்கொண்டேன். அறியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லப் பார்த்தேன், அதனால் இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

முதல் ஆட்டத்தில் எட்டாம் இடத்து அணி ஜெயித்தது. அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்த்தேன். முடிந்ததும் சுவரில் சாய்ந்து தனியாகச் சிரித்தேன். பணம் வந்தது உண்மைதான். ஆனால் சிரித்தது பணத்துக்காக அல்ல. மேலாளர் காகிதத்தில் எழுதியதற்கு யாரோ பதில் எழுதியதுபோல இருந்தது.

அடுத்த மூன்று ஆட்டங்களும் தோற்றார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நான் கூடக் கட்டினேன். சாயங்காலம் தாரிணியின் அருகில் உட்காரும்போது என் கேள்விகள் மாறின. "அந்த ரெண்டாவது பாஸ் அழகு" என்று சொல்வது நின்றுபோனது. "அவன் முழங்கால் எப்படி இருக்கு? வியாழக்கிழமை ஆடுவானா? நிச்சயமாத் தெரியுமா?" என்று துருவினேன். ஒருநாள் அவள், "என்னப்பா, எக்ஸாம் மாதிரி கேக்குறீங்க?" என்றாள். சிரித்து மழுப்பினேன். அவள் குளிக்கப் போனபோது அவளுடைய நோட்டின் பக்கங்களைப் போனில் படமெடுத்துச் சுந்தருக்கு அனுப்பினேன். அதைப் பார்த்து அவனும், அவனிடம் கட்டிய மற்றவர்களும் கட்டினார்கள்.

ஐந்தாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஆறாவதிலும் ஜெயித்தார்கள். மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை.

அப்போது என் மனைவி கலை வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு படித்துவந்தாள். ஞாயிறுதோறும் வகுப்பு. கடைசித் தவணைக் கட்டணம் அடுத்த வாரம் கட்ட வேண்டும். அந்தப் பணம் எங்கள் இருவர் பெயரிலும் இருந்த கணக்கில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், அவள் சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டிருக்க, ஹாலில் உட்கார்ந்தபடியே அதை முழுவதும் எடுத்து ஏழாவது ஆட்டத்தின் மேல் கட்டினேன். நான்கு தட்டலில் வேலை முடிந்தது. "என்னங்க, சட்னி போதுமா?" என்றாள் உள்ளிருந்து. "போதும்" என்றேன்.

4

அதே ஞாயிற்றுக்கிழமை காலை பாசிர் ரிஸ்ஸில் ஒரு சமூக மன்றத்தில் தாரிணியின் அணிக்கும் ஒரு போட்டி இருந்தது. கலை வகுப்புக்குப் போய்விட்டாள். நான்தான் கூடப் போனேன். பெற்றோருக்கான படிக்கட்டு இருக்கையில் உட்கார்ந்து, முதுகுப்பையை மடியில் வைத்து, அதன் மறைவில் போனைத் திறந்தேன்.

மகள் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கிறாள். என் கண் போனில். விசில் கேட்டால் தலையைத் தூக்குவேன், ஸ்கோரைப் பார்ப்பேன், மறுபடி குனிவேன். போனில் என் அணி ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது. பிறகு ஆறு. பிறகு இரண்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த அரங்கத்தில் குளிர்சாதனம் இருந்தது.

தாரிணியின் அணியும் ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் இழுபறியில் இருந்தது. கடைசி நிமிடத்தில் அவளை ஒருத்தி இடித்துத் தள்ளினாள். இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். தடுக்க யாரும் இல்லாமல், கோட்டில் தனியாக நின்று எறிவது. அரங்கம் அமைதியானது. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதை எறிந்தாள். அதுவும் வெளியே போனது.

சரியாக அந்த நொடியில் போனில் என் அணிக்காரன் தூரத்திலிருந்து ஒரு பந்தைப் போட்டான். ஆட்டத்தில் முதல் முறையாக நாங்கள் முன்னால் வந்தோம்.

"அப்படிப் போடு!"

எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தியிருக்கிறேன். அந்த அமைதியில் என் குரல் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த சீனத் தாய் ஒருவர் தன் பையை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். கீழே கோட்டில் நின்ற தாரிணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

தாரிணியின் அணி இரண்டு புள்ளியில் தோற்றது. பத்து நிமிடம் கழித்து என் எட்டாம் இடத்து அணியும் தோற்றது. கடைசி ஒரு நிமிடத்தில் வரிசையாக மூன்று பந்தைத் தவறவிட்டார்கள். அரங்கத்துக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். கலையின் படிப்பு அங்கே போனது.

திரும்பும்போது பஸ்ஸில் தாரிணி கேட்டாள்: "எந்த மேட்ச் பாத்தீங்க?"

"மேட்ச் இல்லம்மா. ஆபீஸ் மெசேஜ்."

அவள் தன் போனைத் தட்டி என் முன்னால் நீட்டினாள். "செவன்த் கேம் முடிஞ்சிருச்சு. உங்க டீம் தோத்துட்டாங்க."

அதுவரை அது எங்கள் இருவருக்கும் பொதுவான அணி. "உங்க டீம்" என்றுவிட்டு எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

5

மூன்று வாரம் கழித்து, மதியம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. போலீஸ் என்றார்கள். என் பெயரையும் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களையும் சொன்னார்கள். ஒரு விஷயமாக வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் துண்டித்துவிட்டேன். போலீஸ் என்று சொல்லி ஏமாற்றுகிற அழைப்பு இங்கே நிறைய. எங்கள் புளோக்கின் மின்தூக்கியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தேன். சாப்பிடும்போது கலையிடம் பெருமையாகச் சொன்னேன்: "இன்னிக்கு எனக்கே ஸ்கேம் கால். ஏமாறுவேனா?"

"நல்லவேள" என்றாள் கலை.

மறுநாள் சுந்தருக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மறுநாளும். டீக்கடையில் விசாரித்தபோது, "சுந்தரண்ணன தூக்கிட்டாங்களாமே, தெரியாதா?" என்றார்கள். தட்டில் இருந்த வடையை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். எங்கே நடந்தேன் என்று நினைவில்லை. ஒரு நகைக்கடை கண்ணாடியில் என் முகம் தெரிந்தபோதுதான் நின்றேன்.

அப்போதாவது கலையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டதாக ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் மூன்று பேர், சாதாரண உடையில். அவர்களில் தமிழ்ப் பெண் ஒருவர் அடையாள அட்டையைக் காட்டினார்.

"ரகுநாதன் நீங்கதானே? ரெண்டு தடவ கால் பண்ணோம், கட் பண்ணிட்டீங்க."

கலை தன் பாலர் பள்ளி ஆசிரியைச் சீருடையில் ஓடிவந்தாள். "என்னங்க, யாரு? கதவத் தொறக்காதீங்க, ஸ்கேமா இருக்கும்."

"ஸ்கேம் இல்ல, மேடம். உள்ள வரலாமா? உங்க ஹஸ்பண்டோட போன், கம்ப்யூட்டர் வேணும். பாஸ்போர்ட்டும்."

தாரிணி சாப்பாட்டு மேஜையில் ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். "எதுக்கு?" என்றாள்.

அதிகாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆன்லைன் பெட்டிங்" என்றார். "பாஸ்கெட்பால்."

"பாஸ்கெட்பாலா?"

தாரிணி அதை அதிகாரியிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன்பே அவள் முகத்தில் எல்லாம் சேர்ந்துவிட்டது. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டி வெளியே போனாள். அன்று பள்ளிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போயிருப்பாள்.

6

விசாரணை அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தத் தமிழ் அதிகாரியே கேள்வி கேட்டதால் வேண்டாம் என்றேன்.

"எவ்வளவு நாளா விளையாடுறீங்க?"

"பதினெட்டு வயசுலேர்ந்து, மேடம்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்தினார். "பதினெட்டு வயசுலேயே வெளையாடுனீங்களா? இந்தியாவுலயா? யார் மூலமா?"

"எங்க கிளப்ல. கோச் ஒருத்தர் இருந்தாரு. அவர்தான் சேத்துக்கிட்டாரு."

"கோச்சா? எத்தன பேர் அதுல?"

"பன்னெண்டு பேரு, மேடம். அஞ்சு பேர் ஆடுவாங்க, மத்தவங்க பெஞ்சு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சிங்கப்பூர்த் தமிழில் 'விளையாடுறது' என்றால் சூதாடுவது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அடித்ததை அழித்துவிட்டு மறுபடி கேட்டார். பத்தொன்பது வருடம் இருந்த ஊரில், ஒரே மொழி பேசும் இருவருக்கு நடுவில், ஒரு சொல்லில் என் குற்றத்துக்கு வயது கூடிவிட இருந்தது.

பிறகு ஒரு காகிதத்தை என் முன்னால் தள்ளினார். என் போனிலிருந்து எடுத்த படம். தாரிணியின் நோட்டுப் பக்கம்.

"இது யார் எழுதுனது?"

"நான்தான், மேடம்."

"உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"யோசிச்சு சொல்லுங்க. இது ஸ்டேட்மெண்ட். பொய் சொன்னா அது தனிக் குற்றம்." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார். "இதுல உள்ள முதல் வரிய மட்டும் எழுதிக் காட்டுங்க."

பேனாவை எடுத்தேன். முதல் வரியைப் படித்தேன். அந்த ஆட்டக்காரன் வலியை மறைக்கிறான், இடது காலில் இறங்கும்போது கவனித்தால் தெரியும் என்று என் மகள் எழுதியிருந்தாள். என்னைப் போன்ற சைட் இங்கிலீஷ்காரன் எழுதக்கூடிய வாக்கியம் அல்ல அது. பேனா காகிதத்தைத் தொடவே இல்லை.

"என் பொண்ணு" என்றேன். "அவளுக்கு எதுவும் தெரியாது, மேடம். சத்தியமாத் தெரியாது. எனக்குக் காட்டுறதா நெனச்சுதான் எழுதுனா. நான் அவளுக்குத் தெரியாமப் படம் எடுத்தேன்."

"வயசு?"

"பதினாறு."

"அவங்ககிட்டயும் பேச வேண்டியிருக்கும்."

அழுதேன். அவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த கேள்விக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து கலைதான் தாரிணியை அழைத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திரும்பி வந்ததும் தாரிணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலை நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டணப் பணம் போனதும் அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அதைப் பற்றிக் கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"அவ என்ன சொன்னா தெரியுமா?" என்றாள் கலை. "ஏன் எழுதுனன்னு கேட்டாங்க. 'நான் கேம் பாக்குற விதம் எங்கப்பாவுக்குப் புடிக்கும்னு சொன்னாரு. அதான் எழுதுனேன்'னு சொன்னா. அந்தப் போலீஸ்காரம்மா அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல."

நான் கட்டணப் பணத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பணத்த விடுங்க. அத நான் இன்னொரு வருஷம் சேத்துப் படிச்சுக்குவேன். புள்ளைய ஏன் உள்ள இழுத்தீங்க?"

7

அதன் பிறகு ஏழு மாதம் காத்திருப்பு. கார்த்திக்கின் கல்யாணம் அதற்குள்தான் வந்து போனது. வழக்கு வந்தால் வேலை போகும். வேலை போனால் பி.ஆர். புதுப்பிப்பு சந்தேகம், அது போனால் தாரிணியின் படிப்பு. ராத்திரி படுத்தால் இந்த வரிசை தலைக்குள் ஓடும். தபால்பெட்டியைத் திறக்கும் சாவி என் கையில் வழுக்கும். வீட்டில் மூன்று பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டோம்.

கடைசியில் அழைத்து, கடும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். வழக்கு இல்லை. இன்னொரு முறை என்றால் தப்பிக்க முடியாது. சுந்தர் மற்றவர்களுக்காகக் கட்டி நடத்தியவன், அவனுக்குச் சிறை. அந்த முறை பி.ஆர். ஒரு வருடத்துக்கு மட்டும் புதுப்பிக்கப்பட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர், "மென்பொருள் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றே கொடுத்தேன். குடும்பச் சேவை நிலையம் ஒன்றில் சூதாட்டத்திலிருந்து மீள்பவர்களுக்கான ஆலோசனைக்கு வாரம் ஒருமுறை போனேன். இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். கலை ஒரு வருடம் தாமதமாகப் படிப்பை முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாள்.

தாரிணி ஆட்டத்தை விடவில்லை. என்னோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைத்தான் விட்டாள். "சாப்டியா?" "சாப்டேன்." "காலேஜ் எப்படி?" "ஓகே." இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், அங்கேயும் அணியில் இருக்கிறாள். கலை போய்ப் பார்ப்பாள். என்னைக் கூப்பிட மாட்டார்கள். நானும் கேட்டதில்லை. கேட்கும் உரிமையை நான் எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியும்.

8

அக்காவின் படம் வந்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "காத்தோங் பக்கம் அவளுக்கு மேட்ச். அப்பா வரணும்னா வரட்டும்னு சொன்னா."

"அவளே சொன்னாளா?"

"அவளேதான். போறீங்களா? எனக்குப் பள்ளிக்கூடத்துல வேல இருக்கு."

தனியாகப் போனேன். போனை வீட்டில் வைத்துவிட்டேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. கடைசி வரிசையில், அவள் கண்ணில் படுகிற மாதிரியும் படாத மாதிரியும் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு முறை மேலே பார்த்தாள். நான் கை அசைக்கலாமா என்று யோசிப்பதற்குள் திரும்பிவிட்டாள்.

ஆட்டத்தின் நான்கு கால்பகுதியும் பார்த்தேன். அவளுடைய அணி தொடக்கத்திலிருந்தே தடுமாறியது. இரண்டாம் பகுதியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. இருபது புள்ளிக்கு மேல் தோற்றார்கள். திரும்பி வருகிற மாதிரி ஒரு கணம்கூட இருக்கவில்லை. ஆனால் அன்று வெளியே வந்தபோது களைத்திருந்தேன். அத்தனை நேரமும் அவளோடு ஓடியதுபோல.

பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். அவள் வந்தாள். முடி ஈரம், தோளில் பை, முழங்காலில் ஒரு சிராய்ப்பு. இரண்டடி தள்ளி நின்றாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் சாலையைப் பார்த்துக்கொண்டு.

"தோத்துட்டீங்க."

"அது எனக்கே தெரியும். கேம் எப்படி இருந்துச்சு?"

பரீட்சை என்று புரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

"மூணாவது குவார்ட்டர்ல, இடது மூலையில அந்த ஒன்பதாம் நம்பர்ப் பொண்ணு மூணு தடவ தனியா நின்னா. நீ ஒரு தடவகூடப் பந்தக் குடுக்கல."

அவள் சட்டென்று திரும்பினாள். "பாத்தேன். அவ நிக்கிறது தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

"போன மேட்ச்ல எல்லாத்தையும் மிஸ் பண்ணா. அவளுக்குக் குடுத்தா தோத்துருவோம்னு பயமா இருந்துச்சு."

"குடுக்காமயும் தோத்தீங்க."

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டேனோ என்று தோன்றியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் காலணியையே பார்த்தாள்.

"ரொம்பப் பேசுறீங்க லா" என்றாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கையில் வைத்தாள். "வேற என்ன பாத்தீங்க?"

எங்கள் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இங்கே கை காட்டினால்தான் நிற்கும். நான் கையைத் தூக்கப் போனேன். அவள் தூக்கவில்லை.

"அடுத்ததுல போலாம்பா" என்றாள். "சொல்லுங்க."